டேப் அக்கா பார்த்தது

"வெளியில மழையாக்கா?" என்று கேட்டால் மற்றவர்கள் காதில் விழுகிற சத்தத்தை வைத்தே ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். டேப் அக்கா சொல்ல மாட்டாள். கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்துபோவாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா, தூறுது" என்பாள். அதற்குள் தகரக் கூரை மேல் மழை மத்தளம் கொட்டிக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் நடுவில், ஓசூர் இன்னும் தருமபுரி மாவட்டத்தோடு இருந்த காலம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். தங்கியிருந்ததும் ஒரே வாடகை வீட்டில்தான். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். தருமபுரிப் பக்கத்து ஊர். வெள்ளாமை பார்க்கிற கிறிஸ்துவக் குடும்பம். கழுத்தில் மெல்லிய சங்கிலியும் ஒரு சின்னச் சிலுவையும். தலை நிறைய முடி. தினமும் காலையில் உச்சியில் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்து, கொண்டை போட்டு, நாலைந்து ஊசிகளைச் செருகிக்கொண்டு கிளம்புவாள். "அக்கா, உங்க தலையைப் புழிஞ்சா ஒரு சட்டி பணியாரம் சுடலாம்" என்று நான் கேலி பேசுவேன். "சுட்டுப் பாத்தியா?" என்பாள். சிரிக்காமல் கேட்பாள், அதுதான் சிரிப்பு.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளே சொல்லியிருக்கிறாள். "நல்லா சமைப்பியாம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார். "நான் சமைச்சதை எங்க வூட்டுலதானுங்க சாப்பிட்டிருக்காங்க. நல்லா இருக்குதான்னு அவங்களத்தான் கேக்கணும்" என்றாளாம். வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனவர்கள்தான். அண்ணன் அதற்கப்புறம் வரன் தேடுவதை விட்டுவிட்டார். "தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இப்படி ஒரு மனுஷியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

எங்கள் வேலை நாடா போடுவது, அதாவது டேப். அந்தக் காலத்து மிஷின்களுக்குக் காகித நாடாதான் மூளை. ரெண்டு விரல் அகலப் பழுப்புக் காகிதச் சுருள், அதில் வரிசை வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு வரிசையும் ஓர் எழுத்து, அல்லது ஓர் எண். மிஷினுக்குப் பக்கத்தில் பீரோ மாதிரி நிற்கும் கண்ட்ரோலருக்குள் ஒரு விளக்கு எரியும். நாடா அந்த விளக்கைக் கடந்து ஓடும்போது எந்தெந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறதோ அதை வைத்துக் கண்ட்ரோலர் படித்துக்கொள்ளும். டூல் எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் எல்லாம் அதில்தான். ஒரு வரிசையில் ஓட்டைகள் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றைப்படையாகத் தெரிந்தால் ஏதோ கோளாறு என்று கண்ட்ரோலர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். அதற்குப் பெயர் ரீட் எரர்.

ரீட் எரர் வந்தால் மிஷின்கள் ஓடும் ஷாப்பிலிருந்து ஆபரேட்டர்கள் நாடாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு ஓடி வருவார்கள். "டேப் சரியில்லீங்கக்கா."

"சரியில்லன்னு நீ பாத்தியா?"

"இல்லீங்க."

"அப்ப எங்க நின்னுச்சுன்னு மட்டும் சொல்லு."

எப்போதும் அதே கேள்விதான். பிறகு நாடாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய ஓட்டைகளைப் படிப்பாள். நாடாவில் ஒன்றும் இல்லை என்றால் மிஷினுக்கே போய்விடுவாள். நாடாவைப் படிக்கிற ரீடரைத் திறந்து, பஞ்சால் துடைத்து, எதையாவது எடுத்துக்கொண்டு வருவாள். ஒரு தடவை லென்ஸின் மேல் செத்த கொசு. அதை விரல் நுனியில் ஏந்திவந்து எல்லோருக்கும் காட்டினாள். "கொசுன்னா கொசுன்னு வாயால சொன்னாப் போதாதா?" என்றேன். "நீ நம்பணுமில்ல?" என்றாள்.

நாடாவில் திருத்தம் வந்தால் அந்த இடத்தை வெட்டி, புதுத் துண்டை ஒட்ட வேண்டும். ஒட்டும்போது இரண்டு துண்டுகளும் மயிரிழை பிசகக் கூடாது. நாடாவின் நடுவே வழிகாட்டியாகச் சின்ன ஓட்டைகள் ஒரே கோடாகப் போகும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு சட்டம் இருந்தது. அது உடைந்துபோய், வேறு கேட்டு ஸ்டோர்ஸுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். அக்கா யாரையும் எதிர்பார்க்கவில்லை. கொண்டையிலிருந்து ரெண்டு ஊசிகளை உருவி, அந்தச் சின்ன ஓட்டைகளில் செருகி, நாடாவை நிறுத்தி ஒட்டிவிட்டு, ஊசிகளைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொள்வாள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். நானும் செய்து பார்த்தேன். எனக்குச் சரிப்படவில்லை. என் முடி குட்டை.

மாதையன் கதைக்கு வருகிறேன். ஒகேனக்கல்காரன். பெரிய மிஷினில் ஆபரேட்டர். நல்ல வேலைக்காரன், இன்னும் நிரந்தரமாகவில்லை. மார்கழி கழிந்ததும் கன்ஃபர்ம் ஆகிவிடும், தை பிறந்ததும் கல்யாணம் என்று பாலக்கோட்டில் பெண் பேசி முடித்திருந்தார்கள். கம்பெனி வேலை என்பதால்தான் பெண் கொடுக்கவே சம்மதித்தார்கள் என்று அவனே சொல்லுவான். "அக்கா, கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வரணுங்க. பரிசல்ல கூட்டிட்டுப் போறனுங்க." "வந்தாத்தான் தெரியும்" என்று அக்கா சொன்னதும் நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

மார்கழி ஓசூர் எப்படி இருக்கும் என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். எண்ணெய் பாட்டில் கல்லாக உறைந்துவிடும். அக்கா அதை வெந்நீர்ச் சொம்பில் நிறுத்தி உருக்கித்தான் தலைக்கு வைப்பாள். அப்படி ஒரு காலையில்தான் ஷாப்பிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இடிபோல ஒரு சத்தம், அதன் பிறகு எல்லா மிஷின்களும் நின்ற அமைதி.

பத்து மில்லிமீட்டர் இறங்க வேண்டிய டூல் எழுபது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் போய்விட்டது. வெளிநாட்டு மிஷின், ஸ்பிண்டில் கப்பலில் வரவேண்டும். மாதையனுக்கு அடி இல்லை. சுவரோரம் நின்று தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்பு விளக்கு எரியவே இல்லை. அதுதான் அவனுக்கு வினையாகிப்போனது. கண்ட்ரோலர் எரர் காட்டவில்லை, நாடாவிலோ பத்து என்றுதான் இருக்கிறது, அப்படியானால் பொத்தானை அழுத்தி ஆழத்தை மாற்றியது யார்? ஆபரேட்டர்தான் என்றார்கள்.

"நான் மிஷின நிறுத்தி ஹோல்டு போட்டுட்டு டீக்குப் போனனுங்க. பிசிறு வாங்கறதுக்கு அந்த எடத்துல எல்லாரும் நிறுத்தறதுதானுங்க. வந்து ஸ்டார்ட் மட்டுந்தானுங்க அழுத்தினேன். வேற எதையும் தொடலீங்க" என்று எல்லோரிடமும் சொன்னான். டீக்குப் போனேன் என்று சொன்னதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா அந்த நாடாவை ஜன்னலில் பிடித்துப் படித்தாள். பழுது இல்லை. திரும்பப் படித்தாள். என்னைப் படிக்கச் சொன்னாள். டூல் மாட்டாமல் மிஷினில் வெறுமே ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் பத்துதான் வந்தது. "ரெண்டு ஓட்டை சேந்து தப்பாத் தெரிஞ்சிருந்தா எரர் வராது. கணக்கு இரட்டைப்படையாவே இருக்கும்" என்று என்னிடம் சொன்னாள். "ஒண்ணுங்கற எடத்துல ரெண்டு ஓட்டை கூடுதலாத் தெரிஞ்சா அது ஏழாயிடும்."

"அப்ப அதையே சொல்லுங்கக்கா!"

"தெரிஞ்சிருந்தான்னுதான் சொல்றேன். தெரிஞ்சதை நான் பாக்கலையே."

விசாரணைக்குப் பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் நாடாப் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடப் போனேன். மாதையன் ஒரு மூலையில், இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தான்.

"ரீடர் தப்பாப் படிச்சிருக்க சான்ஸ் இருக்காம்மா?"

"இருக்குதுங்க சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலீங்க."

"டேப்ல எதாவது ப்ராப்ளம்?"

அக்கா மாதையனைப் பார்த்தாள். அவன் சாமியைப் பார்ப்பதுபோல இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லு, இருக்குன்னு சொல்லித்தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

"நான் பாத்தப்ப ஒண்ணும் இல்லீங்க சார்."

முடிந்தது. தை மாதம் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது எங்கள் அறை வாசலில் நின்று, "வர்றனுங்கக்கா" என்றான். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

அன்று பஸ்ஸில் அவளை நான் கிழித்துத் தொங்கவிட்டேன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில இருந்து முத்தா உதிந்துடும்? ஒரு பொய்ய சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்டச் சொல்லிக்க வேண்டியதுதான? அதுக்குத்தான அந்தப் பாவமன்னிப்புக் கூண்டு இருக்குது!" சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாதையன் கல்யாணம் நின்றுபோனது என்று பிறகு ஒருவன் வந்து சொன்னான். அக்கா அந்த நாடாவை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, ஜன்னலில் பிடித்துப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பாள். சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் காலியானதே இல்லை. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

பங்குனியில் வெயில் ஏறியது. ஒரு நாள் காலை எண்ணெய் பாட்டில் தானாகவே உருகியிருந்தது, வெந்நீர் வேண்டியிருக்கவில்லை. அன்று மதியம் அக்கா ஜன்னலோரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"இங்க வா. என்ன தெரியுதுன்னு சொல்லு."

ஒட்டுப்போட்ட இடத்தில், நடுவிலிருக்கும் சின்ன ஓட்டைக்குப் பக்கத்தில் காகிதம் கண்ணாடியாகியிருந்தது. போண்டா சுற்றிவந்த காகிதத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரியுமே, அப்படி.

"எண்ணெக் கறைக்கா" என்றேன்.

அவள் கை தலைக்குப் போனது. கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். அதன் முனையைக் காகிதத்தில் அழுத்தி எடுத்தாள். புள்ளியாக எண்ணெய். எனக்குப் புரிவதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. மார்கழிக் குளிரில் அந்த எண்ணெய் காகிதத்திலேயே உறைந்து கிடந்திருக்கிறது. ஜன்னலில் பிடித்தால் தெரியவில்லை. நிற்காமல் ஓட்டினாலும் தெரியவில்லை. அவன் அந்த இடத்தில் ஹோல்டு போட்டுவிட்டு டீக்குப் போனான். நாடா விளக்குக்கு நேராக நின்றது. விளக்குச் சூட்டில் எண்ணெய் உருகி, ஓட்டையே இல்லாத இரண்டு இடங்களில் வெளிச்சத்தை விட்டுவிட்டது; நாடாவை வெளியே எடுத்ததும் குளிரில் திரும்ப உறைந்து மறைந்துவிட்டது.

நேராக மிஷினுக்குப் போனாள். புது ஸ்பிண்டில் வந்து மிஷின் மறுபடி வேலைக்கு வந்திருந்தது. புது ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தான். டூலைக் கழற்றிவிட்டு நாடாவை மாட்டி, அந்த இடத்தில் நிறுத்தி, காத்திருந்து, ஸ்டார்ட்டை அழுத்தினாள்.

"கண்ட்ரோலர்ல என்ன வந்திருக்குது? வாய்விட்டுச் சொல்லு."

"ஏழுக்கா. எழுபது."

"டேப்ல?"

"ஒண்ணு. பத்து."

"நீ பாத்தல்ல?"

"பாத்தேன்க்கா."

கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. அப்படியே மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நான் பாத்துட்டேன். தப்பு என்னுதுங்க சார். அந்தப் பையன் ஒண்ணும் செய்யல."

மேனேஜர் முழுவதும் கேட்டார். அதை மறுக்க முடியாது. கேட்டுவிட்டு, "ஏம்மா, இப்ப யாரு இதைக் கேட்டாங்க? ரிப்போர்ட் மேல போயாச்சு. மிஷின் ஓடுது. விடு" என்றார்.

"நான் செஞ்ச தப்புக்கு அவன அனுப்பிட்டீங்க சார்."

"அதுக்கு? உன்னையும் அனுப்பணுமா?"

"அனுப்புங்க சார்."

அவர் சிரித்தார். "டேப் போட எனக்கு வேற ஆள் இல்லம்மா. போ, வேலையப் பாரு." அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த ஞாயிறு அக்கா பூசைக்குப் போகவில்லை. நாடாவைப் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். நான் நினைத்தேன், இவள் போய்ச் சொல்வாள், அவன் கத்துவான், திட்டுவான், அடிக்கக்கூட வருவான், அதோடு இவள் சோறு தின்ன ஆரம்பித்துவிடுவாள் என்று. அவ்வளவுதான் என் ஆசை.

மாதையன் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தான். கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். எங்களைப் பார்த்ததும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "வாங்கக்கா, வாங்க!" என்று அவன் அப்பாவிடம் அழைத்துப் போனான். அவர் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பாறைமேல் ஒரு ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, எண்ணெய், குளிர், விளக்கு. ஒன்று விடாமல் சொன்னாள். "உம்மேல தப்பே இல்ல மாதையா. எல்லாம் நாந்தான். கண்ணால பாத்தேன்."

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் சிரித்தான். "விடுங்கக்கா. நாந்தானுங்க அழுத்திட்டேன்."

"இல்லடா. நீ ஸ்டார்ட் மட்டுந்தான் அழுத்தினேன்னு சொன்ன."

"அப்ப சொன்னனுங்க. வூட்டுல வந்து படுத்துப் படுத்து யோசிச்சுப் பாத்தேன். டேப்ல தப்பில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நீங்க பாக்காம சொல்ல மாட்டீங்க. அப்ப நாந்தான எதையோ அழுத்தியிருக்கணும்? இப்ப கை போனதுகூட ஞாபகம் வருதுங்க. பொண்ணு வூட்டுலயும் ஆமா, நாந்தான்னு ஒத்துக்கிட்டேன்."

அக்கா பையிலிருந்து நாடாவை எடுத்து, அவன் அப்பாவிடம் நீட்டினாள். "நீங்க பாருங்கையா. இங்க, இந்த எடத்துல."

பெரியவர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். முழங்கை வரை எண்ணெய் வழிகிற கை. நான் "ஐயோ" என்றேன். அதற்குள் நாடாவை விரித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிவிட்டார். காகிதம் முழுக்க எண்ணெய் குடித்துப் பளபளத்தது. ஓட்டை எது, கறை எது என்று ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாந்தான் தெரியுதும்மா" என்றார். பிறகு நாடாவை மடித்து அவள் கையில் வைத்து, "உங்க மனசு பெருசு. எம் பையன் தலையெடுக்கணும்னு பழிய உங்க தலைல போட்டுக்கறீங்க. ஆனா பொய் வேணாம்மா. செஞ்சவன் அவன். அவனே சொல்லிட்டான்" என்றார்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "பொய் இல்லீங்க! நானும் பாத்தேன், ஏழுன்னு வந்துச்சு!" என்று கத்தினேன். பெரியவர் என்னையும் அதே அன்போடு பார்த்தார். மாதையன் எங்களுக்கு மீன் வறுவல் வாங்க ஓடினான்.

திரும்பும்போது பென்னாகரம் தாண்டியதும் அக்கா கேட்டாள், "நீ பாத்தல்ல?" "பாத்தேன்க்கா" என்றேன். பாலக்கோட்டில் கேட்டாள். ராயக்கோட்டையிலும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தால் என் பேச்சும் அவளுக்குப் போதவில்லை என்று தெரிந்தது.

அதன் பிறகு அவள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அந்த முடி துடைப்பமாகிப்போனது. நாடாவை ஜன்னலில் பிடித்துப் படிப்பாள், சரியா தப்பா என்று சொல்ல மாட்டாள். "எனக்குத் தெரியலம்மா, நீ பாரு" என்று என்னிடம் தந்துவிடுவாள். ஆபரேட்டர்கள் வந்து நின்றால், "எங்க நின்னுச்சு?" என்று கேட்கக்கூட இல்லை. ஐப்பசியில் வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

போவதற்கு முந்தின வாரம் நல்ல மழை. அவள் ஜன்னலோரமாக, கம்பிக்கு வெளியே கையை நீட்டியபடி நின்றிருந்தாள். பழைய மாதிரி எதையாவது பேசவைக்கலாம் என்று, "வெளியில மழையாக்கா?" என்றேன்.

முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பார்த்தாள்.

"தெரியல. நீ வந்து பாத்துச் சொல்லு" என்றாள்.